மொச்சைப் பூவும் வெள்ளமும்

ஹெலியோபொலிஸ், கெய்ரோ
14 நவம்பர் 1977

அன்புள்ள ரிஃப்கா,

ஆண்டவர் உன்னையும் உன் முழங்கால்களையும் காப்பாராக. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. வலது கண்ணில் மட்டும் பழையபடி நீர் வடிகிறது.

நான் பொறியாளர் ஹில்மியைக் கைத்தடியால் அடிக்கவில்லை. உன் மகன் நெஸீம் கண்காட்சித் திறப்பு விழாவுக்கு வந்துவிட்டு, ஊருக்குத் திரும்பி அப்படித்தான் சொல்லித் திரிகிறானாம். உங்கள் பக்கம் ஸோஹாகிலிருந்து வந்த ஒரு பாதிரியார், "இந்த வயசுல கோபம் ஆகாதும்மா" என்று எனக்கே புத்தி சொல்லிவிட்டுப் போனார். நடந்ததை எழுதுகிறேன், அவனுக்கு வாசித்துக் காட்டு.

நம் ஊருக்கு வருடாவருடம் வந்த ஆற்று வெள்ளத்தை வரைந்த பெரிய படத்தின் முன்னால் அந்த மனிதர் கால் மணி நேரம் நின்றார். முப்பது வருடம் பாசன இலாகாவில் இருந்தவராம். எல்லோருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தார்.

"மதாம், இது எந்த வருஷத்து வெள்ளம்?"

"எல்லா வருஷத்து வெள்ளமும்தான்."

"ஆகஸ்டுல தண்ணி வரும். மொச்சை பூக்கறது ஜனவரியில. உங்க படத்துல கரையோரம் மொச்சை பூத்துக் கிடக்கு. நடுவுல நாலஞ்சு மாசத்தை எங்க கொண்டுபோய் வெச்சீங்க?"

சிரித்தார்கள், ரிஃப்கா. காபி கோப்பையோடு நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். "அது மேட்டு நிலம், தண்ணீர் ஏறாத இடம்" என்று சொல்லிக் கைத்தடியால் படத்தைச் சுட்டிக் காட்டினேன். அவருடைய மூக்கு அங்கே இருந்தது. அவ்வளவுதான்.

இப்போது உன்னிடம் ஒரு வேலை. மே மாதம் அரசுக் கலைக்கூடம் என் நாற்பது வருடப் படங்களையும் ஒன்றாக வைக்கப்போகிறது. அதற்கான புத்தகம் மார்ச் கடைசியில் அச்சுக்குப் போகிறது. முன்னுரையின் முதல் வரி: "இந்தப் படங்களில் நான் சிறுமியாக இருந்தபோது என் கண்ணால் காணாதது எதுவும் இல்லை." அந்த வரி நிற்காவிட்டால் நான் நாற்பது வருடமாக வரைந்தது வெறும் தபால் அட்டை. அணை கட்டிய பிறகு வெள்ளம் வருவதில்லை. யாரும் போய்ப் பார்த்துச் சரிபார்க்க முடியாது. அந்தக் காலத்தில் நம் வீட்டில் அதைப் பார்த்தவர்களில் மிச்சம் இருப்பது நீயும் நானும்தான்.

ஆகவே நான்கு வரி எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு அனுப்பு. மேட்டு நிலத்தில் வெள்ளக் காலத்தில் மொச்சை பூத்திருக்கும் என்று. தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுது.

உன் அக்கா,
லபீபா


நஜ் தாவூத்
வியாழக்கிழமை

அன்புள்ள லபீபா அக்காவுக்கு,

ஆண்டவர் கிருபையால நாங்க எல்லாரும் சுகம். உன் கண்ணுக்கு சோம்புத் தண்ணி வெச்சுக் கழுவறியா? அம்மா செய்வாளே, அது மாதிரி. என் முழங்கால் மாடிப்படி வரைக்கும் ஒத்துழைக்குது, அதுக்கு மேல வேலைநிறுத்தம்.

உன் கடுதாசியை நெஸீமுக்கு வாசிச்சேன். "நான் அடிச்சாங்கன்னு சொல்லவே இல்லம்மா, குத்தினாங்கன்னுதான் சொன்னேன்"ங்கறான். அவனை நான் திட்டிட்டேன்.

புறாக்கூண்டுல இந்த வருஷம் பாம்பு புகுந்துடுச்சு. பதினாறு குஞ்சு போச்சு. அந்த ஆளு மூக்கு இப்ப எப்படி இருக்கு? வெயில்ல புளிக்கவெச்ச ரொட்டி ஒரு கூடை, வெண்டைக்காய் வத்தல் ரெண்டு சரம், நெஸீம் அடுத்த தடவை வரும்போது குடுத்தனுப்பறேன். ரொட்டியை முதல்ல தண்ணி தெளிச்சு சூடுபண்ணு. போன தடவை கல்லு மாதிரி இருந்துச்சுன்னு எழுதினே, தண்ணி தெளிச்சிருக்க மாட்டே.

பத்திரிகையில உன் படம் வந்திருந்துச்சு. பக்கத்து வீட்டு பிஷாய் மாமா கண்ணாடி போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். எண்பத்திரெண்டு வயசு, வாய் மட்டும் குறையல. "ரிஃப்கா, உங்க அக்கா பாவம், மொச்சைக்கு நீச்சல் கத்துக் குடுத்திருக்கா"ன்னார். நான் அவருக்கு டீயில சக்கரை போடல.

உன் கையை முத்தமிடும்,
ரிஃப்கா


ஹெலியோபொலிஸ்
9 டிசம்பர் 1977

அன்புள்ள ரிஃப்கா,

உன் வீட்டில் சமாதானம் நிலைக்கட்டும். புறாக் குஞ்சுகளுக்காக வருந்துகிறேன். என் கண் அப்படியே இருக்கிறது.

நான்கு வரி கேட்டேன். ஒரு பாம்பும் பதினாறு புறாவும் ஒரு ரொட்டிச் சமையல் குறிப்பும் வந்தன. தேதி இல்லை. "வியாழக்கிழமை" என்பது தேதி அல்ல. வருடத்தில் ஐம்பத்திரண்டு வியாழக்கிழமை உண்டு. கன்னிமாடப் பள்ளியில் மதர் எங்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது கடிதத்தின் வலது மூலையில் தேதி எழுதுவது. நீ அங்கே படிக்கவில்லை என்பதற்காக ஒரு முறைக்கு இரு முறை மன்னித்துவிட்டேன்.

பிஷாய் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அவர் வாழ்நாளில் பார்த்த ஓவியம் மாட்டுவண்டியின் பின்பக்கத்தில் வரைந்த முதலை ஒன்றுதான்.

எனக்கு ஞாபகம் கண்ணாடி போல இருக்கிறது. தண்ணீர் செங்கல் பொடி கரைத்த நிறம். நடுவில் மேட்டின் மேல் ஊர், தீவு போல. பேரீச்ச மரங்கள் இடுப்பளவு நீரில். அப்பாவின் கழுதையைப் படகில் ஏற்றுகிறார்கள். அது முன்காலை வைத்துவிட்டுப் பின்காலை வைக்க மறுக்கிறது. துணியால் அதன் காதைக் கட்டுகிறார்கள். கரையில் மொச்சை, வெள்ளைப் பூ, ஒவ்வொன்றின் நடுவிலும் கருப்புப் பொட்டு. கழுதையின் பின்காலை மறக்காத நான் பூவை மட்டும் கற்பனை செய்வேனா?

நான்கு வரி, ரிஃப்கா. பதில் தபாலில்.

லபீபா


நஜ் தாவூத்
8 ஜனவரி 1978 (தேதி போட்டாச்சு)

அன்புள்ள அக்கா,

கிறிஸ்து பிறந்தார்! உனக்கும் பண்டிகை நல்லபடியா முடிஞ்சிருக்கும். நாப்பத்து மூணு நாள் நோன்புல மொச்சையா தின்னு தின்னு எனக்கு மொச்சைன்னாலே பிடிக்காம போச்சு, நீ அதையே எழுதறே.

மேட்டு நிலத்தைப் பத்திக் கேட்டே. அங்க வெள்ளக் காலத்துல சோளம்தான் நின்னுது அக்கா. ஏத்தத்துல தண்ணி இறைச்சு விட்ட சோளம். ஆள் உசரத்துக்கு. அதுக்குள்ள ஒளிஞ்சா அம்மாவால கண்டுபிடிக்கவே முடியாது.

ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. பேசாம அந்தப் பூ மேல கொஞ்சம் பச்சையைப் பூசிடேன். சோளம் ஆயிடும். யாருக்குத் தெரியப்போவுது? பொறியாளரும் வாயை மூடிக்குவார், நீயும் நிம்மதியா தூங்குவே.

ரொட்டி கிடைச்சுதா? தண்ணி தெளிச்சியா?

ரிஃப்கா


ஹெலியோபொலிஸ்
20 ஜனவரி 1978

ரிஃப்கா,

ஆண்டவரின் அமைதி உன்னோடு. ரொட்டி கிடைத்தது. தெளித்தேன்.

பச்சையைப் பூசுவதா? அந்தப் படத்தை முதலில் வரைந்தது 1937இல். அதற்குப் பிறகு அதே கரையைப் பதினொரு தடவை வரைந்திருக்கிறேன். பதினொன்றிலும் அந்தப் பூ இருக்கிறது. நான் கண்ணை மூடினால் முதலில் வருவது அந்தப் பூதான். அதன் மேல் சோளம் பூசு என்கிறாய், பழைய கதவுக்கு வர்ணம் அடிக்கச் சொல்வது போல.

முதல் கண்காட்சிக்கு நீயும் வந்திருந்தாய். நினைவிருக்கிறதா? எல்லோரும் என்னைச் சுற்றி நின்று பேசினார்கள். நீ கழுதைப் படத்தின் முன்னால் நின்றுகொண்டே இருந்தாய். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன். "நல்லாருக்கு" என்றாய். ஒரே ஒரு சொல். உன்னைத் திரும்ப ஊரில் கொண்டுவிட்டு வந்த என் கணவர், கடவுள் அவர் ஆன்மாவுக்கு இளைப்பாறுதல் தரட்டும், "உன் தங்கச்சி ரயில்ல ஒரு வார்த்தை பேசலையே, என்ன சொன்னே அவளை?" என்று என்னைத்தான் கேட்டார்.

இப்போது எனக்குப் புரிகிறது. இது பழைய பொறாமை. எனக்குக் கண் நோய் என்று ஒவ்வொரு கோடைக்கும் அலெக்ஸாந்திரியாவில் அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். கடல், ஐஸ்கிரீம், வெள்ளைத் தொப்பி. அக்டோபரில் அங்கிருந்தே நேராகக் கன்னிமாடம். உன்னை ஈயும் சேறுமாக ஊரிலேயே வைத்துக்கொண்டார்கள். அதை நீ மறக்கவே இல்லை. அதற்கு நான் பொறுப்பல்ல. என் கண்ணைக் கேள்.

நான்கு வரிகளை நானே எழுதிக் கீழே தருகிறேன். பார்த்து எழுதினால் போதும்: "நஜ் தாவூத் மேட்டு நிலத்தில் வெள்ளக் காலத்தில் மொச்சை பூத்திருந்ததை நானும் என் அக்கா லபீபாவும் சிறுமிகளாக ஒன்றாக நின்று பார்த்திருக்கிறோம்."

லபீபா


ஹெலியோபொலிஸ்
17 பிப்ரவரி 1978

அன்புள்ள ரிஃப்கா,

நலமா? நான்கு வாரமாகப் பதில் இல்லை. நெஸீம் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குத் தொலைபேசி செய்தேன். "அம்மா நல்லாத்தான் இருக்காங்க பெரியம்மா, உங்க கடுதாசியைத் தலையணை உறைக்குள்ள வெச்சிருக்காங்க" என்றான். தலையணைக்குள் வைப்பதற்கு நான் எழுதவில்லை.

அச்சகத்துக்காரர்கள் முன்னுரை கேட்டுவிட்டார்கள். பொறியாளர் ஹில்மி பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். மிகுந்த மரியாதையோடு எழுதியிருக்கிறார்; அதுதான் எரிச்சல்.

லபீபா


நஜ் தாவூத்
25 பிப்ரவரி 1978

அன்புள்ள அக்கா,

ஆண்டவர் உனக்கு பெலன் தரட்டும். லேட்டானதுக்கு மன்னிச்சுக்கோ. நாலு தடவை எழுதிக் கிழிச்சேன்.

பொறாமை இல்ல அக்கா. தொப்பி மேல மட்டும் கொஞ்சம் இருந்துச்சு.

நீ கேட்டதை அப்படியே எழுதித் தரேன். பூ தண்ணியில நீந்துச்சுன்னு வேணும்னாலும் எழுதறேன். ஆனா ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கரையை வெட்டி முதல் தண்ணியை வயலுக்குள்ள விடுவாங்களே. ஊரே கரை மேல நிக்கும், அப்பா புள்ளைங்களைத் தோள்ல தூக்கி வெச்சுக்குவார். கோடையெல்லாம் காய்ஞ்சு, என் முழங்கை போற அளவுக்கு வெடிச்சுக் கெடக்கும் நிலம். அந்த வெடிப்புக்குள்ள தண்ணி போகும்போது நிலம் ஒரு சத்தம் போடும்.

என்ன சத்தம் அது? நீ சொல்லு. சொன்னதும் கையெழுத்துப் போடறேன்.

ரிஃப்கா


ஹெலியோபொலிஸ்
3 மார்ச் 1978

ரிஃப்கா,

உன் நலம் வேண்டுகிறேன். அறுபத்தாறு வயதில் எனக்குப் பரீட்சை வைக்கிறாய். மதர்கூட இப்படிக் கேட்டதில்லை.

இரைச்சல். வேறென்ன? ரயில் பாலத்தின் மேல் போவது போன்ற பேரிரைச்சல். அப்பா என் காதுகளைத் தன் இரு கையாலும் பொத்தினார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இப்போதாவது அனுப்பு.

லபீபா


நஜ் தாவூத்
10 மார்ச் 1978

அன்புள்ள அக்கா,

சரி அக்கா.

நீ சொன்னபடியே தனித்தாள்ல, ஒரு பக்கம் மட்டும், தேதி போட்டு எழுதி இதோட வெச்சிருக்கேன். நீ எழுதின நாலு வரியும் இருக்கு. இரைச்சலும் கேட்டதுன்னு நானா ஒரு வரி சேர்த்தேன், அச்சுல நல்லாருக்கும்.

பெரிய நோன்பு ஆரம்பிச்சாச்சு. இந்த ஞாயித்துக்கிழமை நற்கருணைக்குப் போகப்போறதில்ல. சாமியார்கிட்ட முழங்கால் வலின்னு சொல்லிட்டேன். அதுவும் பொய்தான், ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து போகட்டும். பிஷாய் மாமா கேட்டார், "நோன்புல நற்கருணை எடுக்காம உக்காந்திருக்கியே, யாரைக் கொன்னே?" யாரையும் இல்லன்னு சொன்னேன்.

கண்ணைப் பார்த்துக்கோ.

ரிஃப்கா


ஹெலியோபொலிஸ்
19 மார்ச் 1978

என் அன்புள்ள ரிஃப்கா,

ஆண்டவரின் சமாதானம் முதலில் உனக்கு, பிறகு எனக்கும் கொஞ்சம்.

உன் தாள் புதன்கிழமை வந்தது. அச்சகத்து ஆள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். காபி கொடுத்து உட்காரவைத்துவிட்டு, உறையில் போடுவதற்கு முன் ஒரு முறை வாசித்தேன். எழுத்துப்பிழை இருந்தால் திருத்தலாம் என்றுதான். பிழை எதுவும் இல்லை. ஆனால் அந்த இரைச்சல் வரி என்னவோ செய்தது. நான் கேட்காததை நீ ஏன் சேர்த்தாய்? சேர்ப்பவள் நீ இல்லை. நான் சொன்னது தவறு என்று தெரிந்து, அதற்கும் சேர்த்துப் பழியை உன் தலையில் போட்டுக்கொண்டாய்.

அச்சகத்து ஆளை மறுநாள் வரச் சொன்னேன். "மறுபடியுமா மதாம்?" என்று அலுத்துக்கொண்டு போனார்.

அலமாரியின் மேலே அத்தை வீட்டுப் பிஸ்கட் டப்பா ஒன்று இருக்கிறது. பழைய தூரிகைகள் என்று நினைத்து நாற்பத்தைந்து வருடம் திறக்காமல் வைத்திருந்தேன். அலெக்ஸாந்திரியாவுக்கு நீ எழுதிய கடிதங்கள், எண்பத்தேழு. எதிலும் தேதி இல்லை. "செவ்வாய்க்கிழமை", "நேத்து", "மீன் பிடிச்ச அன்னிக்கு." நீ எத்தனை வயதில் எதை எழுதினாய் என்று எழுத்தின் அளவைப் பார்த்துத்தான் அடுக்க வேண்டியிருந்தது. ஒரு நாள் முழுக்கப் போயிற்று. எனக்கு எவ்வளவு கோபம் வந்தது என்று உனக்குத் தெரியாது.

செங்கல் பொடி கரைத்த நிறம்: அது உன் வார்த்தை. எட்டு வயதில் எழுதியிருக்கிறாய். இடுப்பளவு நீரில் பேரீச்ச மரம், "குளிக்க வெக்கப்பட்டு நிக்கற மாதிரி" என்று. நான் என் படத்துக்கு அப்படியே தலைப்பு வைத்தேன், பாராட்டினார்கள். கழுதை, அதன் பின்கால், காதைக் கட்டியது, எல்லாம் ஒரே கடிதத்தில், தாளின் இரண்டு பக்கத்திலும், ஓரத்திலும், உறையின் உள்பக்கத்திலும். 1937இல் அந்தப் படத்தின் முன்னால் நின்று "நல்லாருக்கு" என்று நீ சொன்னபோது உன் கடிதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். ரயிலில் ஏன் பேசவில்லை என்று இப்போது தெரிகிறது. நாற்பத்தோரு வருடமாக நீ அதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும், ரிஃப்கா. எவ்வளவு எரிச்சலூட்டுகிற பெண் நீ!

மூன்று வயதிலிருந்து நான் ஒரு கோடைகூட ஊரில் இருந்ததில்லை. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. இதை ஜனவரியில் நானே என் கையால் எழுதி உனக்கு அனுப்பியிருக்கிறேன். எழுதும்போது எனக்கே தெரியவில்லை. நான் பொய் சொல்லவில்லை. பார்த்ததாகத்தான் நம்பினேன். நீ அவ்வளவு நன்றாக எழுதியிருந்தாய்.

மொச்சைப் பூ எந்தக் கடிதத்திலும் இல்லை. எண்பத்தேழிலும் தேடினேன். அது மட்டும் என்னுடையது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நான் வருவேனே, நீ ரயில் நிலையத்திலிருந்தே என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வயலுக்கு ஓடுவாய். "இங்கதான் அக்கா, இங்கதான் தண்ணி நின்னுது" என்று பூவுக்குள் நின்று காட்டுவாய். ஆகவே எனக்கு வெள்ளம் என்றால் பூதான். பொறியாளர் சொன்னது சரி. நாலைந்து மாதத்தை நான் எங்கே வைத்தேன் என்றால், அங்கேதான் வைத்தேன். அவருடைய மூக்குக்கு மட்டும் மன்னிப்புக் கடிதம் எழுதிவிட்டேன்.

உன் சாட்சித்தாளை இதோடு திருப்பி அனுப்புகிறேன். கிழித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை நற்கருணைக்குப் போ. முன்னுரையின் முதல் வரியை மாற்றிவிட்டேன்: "இந்த வெள்ளத்தைக் கண்டவள் என் தங்கை ரிஃப்கா. நான் அலெக்ஸாந்திரியாவில் இருந்தேன். மொச்சைப் பூக்கள் என்னுடையவை." அச்சகத்து ஆள் வாசித்துவிட்டு, "இதைப் போட்டா உங்களுக்கு நல்லாவா இருக்கும் மதாம்?" என்றார். உங்கள் வேலை அச்சடிப்பது என்று சொன்னேன்.

ஒரு கடிதத்தை மட்டும் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். எழுத்தைப் பார்த்தால் உனக்கு ஒன்பது வயது. கரையை வெட்டிய அன்று எழுதியது. கடைசி வரி: "நெலம் ஒரு சத்தம் போட்டுச்சு அக்கா. எனக்கு அதை எழுதத் தெரியல. அடுத்த வருஷம் நீ வா, நானே காட்டறேன்." அதற்கு நான் என்ன பதில் எழுதினேன் என்று நினைவில்லை. தொப்பியைப் பற்றி எழுதியிருப்பேன்.

மே மாதத்துக்குள் இன்னும் ஒரு படம் வரைய இடம் இருக்கிறது. சட்டத்தில் துணி அடித்தாகிவிட்டது. கரையை வெட்டும் படம். அதை இதுவரை நான் வரைந்ததே இல்லை. ஏன் என்று இப்போதுதான் தெரிகிறது.

உனக்கு இப்போது அறுபத்துமூன்று வயது. எழுதத் தெரியும். அந்தச் சத்தம் என்னவென்று எழுது. தொலைபேசியில் வேண்டாம், நெஸீமிடம் சொல்லி அனுப்பவும் வேண்டாம். உன் கையால், கடிதமாக எழுது. தேதி போடாவிட்டாலும் பரவாயில்லை. தாளின் இரண்டு பக்கமும் எழுது.

உன் அக்கா,
லபீபா